மூன்று நட்சத்திரம் போட்ட வார்த்தை

பை இல்லாமல் கிளம்பிப் போன என் தம்பி கொளஞ்சிக்கு,

போன வாரம் செந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் வசமாக மாட்டிக்கொண்டேன். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேள். வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலச் சொல் போட்டிக்குப் பரிசு கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்துப் பிழைக்கிறவனை இதற்கெல்லாம் யார் கூப்பிடுவார்கள்? எல்லாம் நம்ம ‘ஊர் போய்ச் சேருமுன் ஆங்கிலம்’ புத்தகம் செய்த வேலை. அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகளிடம் அது இருக்கிறது. நீ பஸ்ஸில் விற்ற பிரதிகள். அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்கு வந்து, மேலட்டை கிழிந்து, பழைய காலண்டர் தாளைப் போர்த்திக்கொண்டு இருக்கின்றன. உள்ளே மாறவில்லை. ஆயிரம் சொல், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அர்த்தம், கடைசியில் நட்சத்திரம். சுலபமான வார்த்தைக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு இரண்டு, கஷ்டமானதற்கு மூன்று.

மைக்கில் “எழுத்தாளர் ஐயா அவர்கள்” என்றார்கள். சால்வை போர்த்தினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இரண்டு தடவை ஃபெயிலானவர் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகு இங்கிலீஷ் டீச்சர் எழுந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை.

“ஐயா, பிள்ளைங்க ஒரு சந்தேகம் கேக்கச் சொன்னாங்க. இன்சுலேட்டர் சுலபம்னு ஒரு ஸ்டார் போட்டிருக்கீங்க. ஃபேன் கஷ்டம்னு மூணு ஸ்டார். சரி, அதக்கூட விட்டுடலாம். பார்ட்னருக்கு எதுக்குங்கய்யா மூணு ஸ்டார்? டீக்கடையில உக்காந்திருக்கவங்ககூட பார்ட்னர்னுதான பேசிக்கறாங்க.”

பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். சால்வைக்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

“அது வந்துங்க டீச்சர்... அச்சுப்பிழை.”

“அச்சாபீசே உங்களுதுதானுங்களேய்யா?”

முன்வரிசையில் ஒரு பயல் சிரித்தான், அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

ஆனால் அது அச்சுப்பிழை இல்லை. உனக்கும் தெரியும்.

இங்கே நிலவரத்தைச் சொல்கிறேன். உன் தெருவில் சிமெண்டு ரோடு போட்டுவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு மட்டும் அப்படியே கிடக்கிறது. அச்சாபீசில் பழைய மிஷினைத் தள்ளிவிட்டு வேறு வாங்கிவிட்டேன். நீ குந்திச் சாப்பிடுகிற தாள்கட்டு அதே மூலையில் இருக்கிறது, சாப்பிடத்தான் ஆள் இல்லை. மகள் அபிநயா காலேஜ் கடைசி வருஷம், கம்ப்யூட்டர் படிக்கிறாள். புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை அவள்தான் டைப் பண்ணுகிறாள். வெள்ளிக்கிழமை அச்சுக்கு ஏற்ற வேண்டும். அதற்குள் ஒரே ஒரு வார்த்தைக்கு எத்தனை நட்சத்திரம் என்று நான் முடிவு செய்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போடப் போகிறேன், அதனால் படிக்கிறவர்களுக்காகச் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதானே என்று கோவித்துக்கொள்ளாதே.

புத்தகம் என் யோசனை இல்லை. நீ அப்போது பஸ்ஸில் பேனாவும் சீப்பும் விற்றுக்கொண்டிருந்தாய். கூடவே எங்கிருந்தோ வரவழைத்த ஆங்கிலப் புத்தகமும். ஒரு நாள் மத்தியானம் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டாய்.

“இது வேலைக்கு ஆவலண்ணே. மொத பக்கத்துலயே வாயில நொழையாத வார்த்தையாப் போட்டு மெரட்டுறான். நீங்களே ஒண்ணு போடுங்க. எத்தன நாளைக்குத்தான் ‘தங்கள் நல்வரவை நாடும்’னே அடிச்சிக்கிட்டு இருப்பீங்க?”

“டேய், நான் இங்கிலீஷ்ல ஃபெயில்டா.”

“அதாண்ணே நல்லது. பாஸானவனுக்கு எது கஷ்டம்னு எப்படித் தெரியும்?”

அபிநயாவின் பள்ளிப் புத்தகங்களிலிருந்தும் ஒரு பழைய அகராதியிலிருந்தும் வார்த்தைகளைப் பொறுக்கினேன். சுலபம், கஷ்டம் என்று பிரிக்கிற இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். அதற்கும் நீதான் வழி சொன்னாய். “நான் படிச்சது அஞ்சாவது. எனக்கு வந்தா எல்லாருக்கும் வரும். நீங்க படிங்க, நான் சொல்றேன்.”

இதுதான் விதி. நான் ஒரு தடவை படிப்பேன். நீ முதல் தடவையே சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். இரண்டாவது தடவை வந்தால் இரண்டு. அதற்கும் வராவிட்டால் மூன்று. இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில், சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏ-யில் ஆரம்பித்து நாளுக்குப் பத்து, பதினைந்து வார்த்தை. புத்தகம் முழுக்க உன் வாயில் போய் வந்ததுதான். கரண்ட் கம்பம் நடுகிற கான்ட்ராக்டில் நீ வேலை பார்த்தவன், அதனால் இன்சுலேட்டர் தண்ணீர் மாதிரி வந்தது. சாதிச் சான்றுக்கும் வீட்டு மனைக்கும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன், அதனால் சர்டிபிகேட், சிக்னேச்சர், பெனிஃபிசியரி எல்லாம் ஒரு நட்சத்திரம். வெஜிடபிள் வரவே இல்லை. “காயின்னு சொன்னா காய்கறிக்காரன் குடுக்க மாட்டானாண்ணே?” என்றாய். மூன்று நட்சத்திரம்.

அட்டைக்கு நான் மட்டும் போட்டோ பிடித்துக்கொண்டேன். ஸ்டூடியோக்காரர் கோட்டைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டது. அட்டை மாதிரியை உன்னிடம் காட்டினேன். ‘ஆசிரியர்: பெரம்பலூர் கலியபெருமாள்’. உற்றுப் பார்த்தாய்.

“கோட்டு நல்லாருக்குண்ணே. கீழ என்ன?”

“கைலிடா.”

“அத வெட்டிட்டீங்க. நல்லதுதான்.”

வேறு எதுவும் நீ கேட்கவில்லை. இரண்டு பதிப்பு வந்தது. இரண்டிலும் என் பேர், என் கோட்டு. உன் பேர் எந்த மூலையிலும் இல்லை.

ஒரு நாள் அரியலூர் போகிற பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தர் சின்ன வெங்காய மூட்டையை மடியில் வைத்திருந்தார். நீ முன்படியில் ஏறினாய். கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாய்.

“அம்மா, ஐயா, அண்ணே, யாரும் பைக்குள்ள கைய வுட வேணாம். மொதல்ல காதக் குடுங்க. இந்தப் புத்தகத்துல ரொம்பக் கஷ்டமான வார்த்தைக்கு மூணு ஸ்டாரு போட்டிருக்கு. எங்க, ஒரு மூணு ஸ்டாரு வார்த்தைய எல்லாருமாச் சேந்து சொல்லுங்க பாப்போம். பார்ட்னர்.”

பஸ்ஸே சொன்னது. டிரைவர்கூடச் சொன்னார்.

“பாத்தீங்களா? புத்தகம் வாங்கறதுக்கு முந்தியே மூணு ஸ்டாரு வந்துடுச்சு. வாங்குனா நீங்க எங்க போயி நிப்பீங்கன்னு நெனச்சுப் பாருங்க.”

சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். வெங்காய மூட்டைக்காரர் ஒன்று வாங்கினார். நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டு, அரியலூர் வருவதற்கு முன்பே பாதி வழியில் இறங்கிவிட்டேன். அன்றைக்கு நீ என்னைப் பார்த்தாயா? அந்த வார்த்தையை வேண்டுமென்றே எடுத்தாயா, இல்லை அதுதான் விற்கிறது என்று எடுத்தாயா? மறுநாள் அச்சாபீசுக்கு வந்தபோது வழக்கம்போல “அண்ணே, நூறு கட்டி வெய்யிங்க” என்றாய். நானும் கட்டி வைத்தேன்.

அப்புறம் நீ போய்விட்டாய். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் பையை இறக்கி வைத்தாய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். பையை அவர்தான் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் அடித்தேன். உன் பேரைப் பெரிய எழுத்தில் அச்சுக் கோர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் அச்சாபீசில் உன் பேர் அச்சாவது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது மூன்றாம் பதிப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அன்றைக்கே அபிநயாவிடமும் மாட்டினேன்.

“அப்பா, எஃப்ல இருக்கற அத்தனைக்கும் மூணு ஸ்டார் போட்டிருக்கீங்க. ஃபேன், ஃபுட், ஃபைவ். ஃபைவ்கூடக் கஷ்டமாப்பா?”

“எஃப் எழுதறப்ப உங்க சித்தப்பாவுக்கு முன்பல்லு புடுங்கியிருந்துச்சும்மா. காத்து போயிடும். ஜி வர்றதுக்குள்ள கட்டுப்பல்லு வெச்சுட்டாரு.”

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஆயிரம் வார்த்தைக்கும் ஒரே ஒருத்தர் வாய வெச்சு லெவல் போட்டீங்களா?”

“வேற யாரு வாய் சும்மா இருந்துச்சு?”

நெட்டில் பட்டியல் இருக்கிறதாம். எந்த வார்த்தை எந்த மட்டம் என்று படித்தவர்கள் ஆராய்ந்து போட்டது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றாள். உச்சரிப்புக்குப் போனைத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வெஜிடபிள் என்று சொன்னது. உன்னை மிரட்டிய வார்த்தையை மூச்சு வாங்காமல் சொன்னது.

“போனுக்குப் பல்லுவலி வராதும்மா.”

“அதுக்குத்தாம்ப்பா போனு.”

அவள் சொல்வதும் சரிதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம்மா, எஃப்பை மட்டும் சரி பண்ணு, மற்றது அப்படியே இருக்கட்டும், அது உன் சித்தப்பா வாய் என்றேன். பெற்ற பிள்ளை நம்மைவிடப் புத்திசாலியாக இருப்பதில் ஒரு தொந்தரவு உண்டு, கொளஞ்சி. நாம் ஒளித்து வைத்த இடத்திலேயே போய்க் கையை வைக்கும்.

“அப்படின்னா அத வெளிப்படையாச் சொல்லணும்ப்பா. நட்சத்திரம் போட்டது சித்தப்பான்னு அட்டையில பேரு போடுங்க. பேரு இல்லாம இருந்தா தப்பு மாதிரிதான் தெரியும். பேரோட இருந்தா, ஓ, இவருக்கு இப்படி வந்திருக்குன்னு புரிஞ்சுப்பாங்க.”

சரி என்றேன். ரொம்ப நாளாகத் தொண்டையில் இருந்ததை அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். போடு என்றேன். அப்புறம்தான் கேட்டாள்.

“அப்ப பார்ட்னர்? அது ஏம்ப்பா சித்தப்பாவுக்கு வரல?”

“தெரியலம்மா. அன்னிக்கு என்னவோ.”

உன் பேரைப் போட்டுவிட்டு அந்த மூன்று நட்சத்திரத்தையும் விட்டு வைத்தால், அந்த வார்த்தை உனக்கு வரவில்லை என்று ஊருக்கே நான் அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். முதல் இரண்டு பதிப்பில் உன் பேர் இல்லை, அதனால் பொய் என் கணக்கில் இருந்தது. இந்தப் பதிப்பில் அது உன் தலையில் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அட்டையில் போட உன் போட்டோ வேண்டும் என்பது சாக்கு. உன் சம்சாரம், தங்கச்சி செல்வி, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தது. வாங்கண்ணே என்றது, காலை மட்டும் நிறுத்தவில்லை. உன் பை ஆணியில் தொங்குகிறது. அதில் வெட்டுத் துணிகளைப் போட்டு வைத்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன்.

“இப்ப எதுக்குண்ணே பேரு? அவரு இருக்கறப்பப் போட்டிருந்தா பஸ்ஸு பஸ்ஸாக் காட்டியிருப்பாரு.”

நான் தரையைப் பார்த்தேன். நல்ல தரை, புதிதாக ஓடு பதித்திருக்கிறது.

“போடறதுன்னு ஆயிட்டா கொளஞ்சின்னு போடாதீங்க. போஸ்டர்ல அப்படிப் போட்டுட்டீங்க. சொ. கொளஞ்சிநாதன். ரேஷன் கார்டுல அதான் இருக்கு.”

எழுதிக்கொண்டேன். இத்தனை வருஷம் பழகியும் உன் முழுப்பேர் எனக்குத் தெரியாது. ஊரார் பேரையெல்லாம் எழுத்துப் பிசகாமல் பத்திரிகையில் போடுகிறவன் நான்.

காபி கொடுத்தது. நீ போட்ட நட்சத்திரத்தையெல்லாம் அப்படியே விட்டு வைக்கிறோம் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் முதல் தடவையாகச் சிரித்தது.

“அந்த பார்ட்னர் வார்த்தையுமா? வூட்டுக்கு வந்து அதச் சொல்லித்தான் சிரிப்பாரு. உங்களுக்கு வரலயா, ஏன் மூணுன்னு கேட்டேன் ஒரு நாளு. ‘அது எனக்கு வராத வார்த்தை இல்லடி, எங்கண்ணனுக்கு வராத வார்த்தை’ன்னாரு.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்து கேட்டது. “அப்படி என்னண்ணே, அவ்வளவு கஷ்டமான வார்த்தையா அது?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. வரேன்” என்று எழுந்துவிட்டேன். போட்டோவை வாங்க மறந்து, அந்தத் தெருமுனையிலிருந்து திரும்பிப் போய் வாங்கி வந்தேன்.

ஆக, டீச்சர், மகள், தங்கச்சி. மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் நழுவிவிட்டேன். படிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பி-யில் வந்துகொண்டிருந்தோம். அட்டை மாதிரி, மை காயட்டும் என்று உன் பக்கத்தில்தான் விரித்துக் கிடந்தது. நான் “பார்ட்னர்” என்று படித்தேன். நீ சொன்னாய். வழக்கமாகச் சொன்னதும் ஒரு வாய் சோற்றை அள்ளுவாய். அன்றைக்கு அள்ளவில்லை.

“அர்த்தம் என்னண்ணே?”

“கூட்டாளி. ஒரு வேலைய ரெண்டு பேரு சேந்து செஞ்சா, ஒருத்தருக்கு ஒருத்தர் பார்ட்னர்.”

“நம்மள மாதிரியாண்ணே?”

நீ அட்டையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய். அட்டையைப் பார்த்தது நான். என் பேர் பக்கத்தில் உன் பேர் போட இடம் இல்லாமல் இல்லை, அரை அட்டை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் எனக்குள் என்னென்னவோ ஓடியது. பேரைப் பங்கு போட மனசு வராத அற்பத்தனம் ஒரு பக்கம். சொந்த ஊர் செட்டிகுளத்தில் என் பங்காளிகள், யார்ரா அது கூட, எந்தத் தெரு என்று கேட்பார்களே என்கிற பயம் ஒரு பக்கம். எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“நாக்கு கொஞ்சம் பொரளுதுடா. மூணு போட்டுக்கிறேன்” என்றேன்.

அப்புறம்தான் நீ சோற்றை அள்ளினாய். “சரிண்ணே. அடுத்தது?”

அடுத்தது பார்ட்டி. அதற்கு ஒன்று போட்டேன்.

இதற்கு மேல் வளர்க்கவில்லை. மூன்றாம் பதிப்பு அட்டையில் இரண்டு பேர் வரும், ஒரே அளவு எழுத்தில். ‘சொல் தொகுத்தவர் கலியபெருமாள், நட்சத்திரம் போட்டவர் சொ. கொளஞ்சிநாதன்’. கோட்டுப் போட்டோவை எடுத்துவிட்டேன். நீ சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு நிற்கிற படம் ஒன்றைத் தங்கச்சி கொடுத்தது, அதைப் போடுகிறேன். முதல் பிரதியை நானே எடுத்துக்கொண்டு அரியலூர்–செந்துறை பஸ்ஸில் ஏறுவேன். உன்னை மாதிரி எனக்குப் பேச வராது. இருந்தாலும் உன் பேரை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இறங்குவேன். இந்தத் தடவை பாதி வழியில் இறங்க மாட்டேன். இது சத்தியம்.

இந்தக் கடிதத்தை அபிநயாதான் டைப் பண்ணுவாள். இதுவரைக்கும் அவளிடம் கொடுத்துவிடுவேன். பாக்கி இருக்கிற வரியை நானே கோர்த்துக்கொள்கிறேன். அந்த வார்த்தைக்கு இனிமேல் ஒரு நட்சத்திரம்தான். ஏன் என்பதை இதுவரை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதல் தடவையே நீ சரியாகச் சொன்னாய், கொளஞ்சி. எனக்கு நன்றாகக் கேட்டது.

நீ அண்ணே என்று கூப்பிட்ட,
கலியபெருமாள்